உறையே இல்லாத வைரஸுக்குக் கொழுப்பு எதற்கு? செல் நுண்ணுறுப்புகளும் வைரஸ் பெருக்கமும்

இளவேனில்:

வணக்கம். ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

வைரஸ் பற்றிப் பாடத்தில் படித்தது இவ்வளவுதான்: செல்லுக்குள் நுழையும், ரைபோசோமைக் கொண்டு தன் புரதங்களைச் செய்துகொள்ளும், தன்னை நகலெடுக்கும், வெளியேறும். இதில் கொழுப்புக்கு ஒரே ஓர் இடம்தான். இன்ஃபுளூயன்சா, எச்ஐவி போன்ற உறையுள்ள வைரஸ்கள் வெளியே வரும்போது செல்லின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. சரி, அது புரிகிறது.

ஆனால் போலியோ வைரஸுக்கு உறை கிடையாது. ஒரு புரதக் கூடு, அதற்குள் சுமார் 7,500 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. அவ்வளவே. அப்படியிருந்தும், செருலெனின் என்ற மருந்தால் செல்லின் கொழுப்பு, அதாவது லிப்பிடு உற்பத்தியை நிறுத்தினால் போலியோ ஆர்என்ஏ நகலெடுப்பும் நின்றுபோகிறது என்று 1990இலேயே காட்டியிருக்கிறார்கள். துளிக் கொழுப்பும் இல்லாத ஒரு வைரஸ் ஏன் கொழுப்பை நம்பி இருக்க வேண்டும்? செல்லின் எந்தெந்த நுண்ணுறுப்பை எந்தெந்த வைரஸ் பிடித்துக்கொள்கிறது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நுண்ணோக்கி:

போலியோ தொற்றிய செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். தொற்றிய சில மணி நேரத்திலேயே செல் தயாரிக்கும் பொருட்களைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கோல்கை உறுப்பு அடையாளம் தெரியாமல் கலைந்துபோகும். சைட்டோபிளாசம் முழுக்கச் சின்னச் சின்னச் சவ்வுப் பைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். 1960களிலேயே இதைப் படம் பிடித்துவிட்டார்கள். அந்தப் பைகளின் மேல்தான் போலியோ ஆர்என்ஏ நகலெடுக்கப்படுகிறது. வைரஸ் துகளுக்குச் சவ்வு வேண்டாம், வைரஸின் வேலைக்குச் சவ்வு வேண்டும்.

போலியோ மட்டுமல்ல. நேர் இழை ஆர்என்ஏ வைரஸ்கள், அதாவது உள்ளே போனவுடன் ரைபோசோம் நேரடியாகப் படிக்கக்கூடிய ஆர்என்ஏவை உடையவை, நம்மைப் போன்ற உட்கரு உள்ள செல்களைத் தாக்கும்போது ஏதாவது ஒரு சவ்வைத் திருத்தி அமைத்துக்கொண்டுதான் பெருகுகின்றன. டெங்கு, ஹெபடைட்டிஸ் சி, சிக்குன்குனியா, கொரோனா எல்லாமே இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஏன் இப்படி? ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி, வார்ப்பு ஆர்என்ஏ, துணைப் புரதங்கள் எல்லாம் செல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒன்றையொன்று சந்திக்கவே நேரமாகும். ஒரு சவ்வின் பரப்பில் கட்டிப்போட்டால் நெருக்கமாக இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகிறது. நம் செல்லில் நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ சாதாரணமாக இருக்காது. எம்டிஏ5, ரிக்-ஐ என்ற உணரிப் புரதங்கள் அதைக் கண்டால் உடனே இன்டர்ஃபெரான் எச்சரிக்கை கிளம்பிவிடும். அதனால் அதைச் சவ்வுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது வைரஸுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம்.

அடுத்து யார் எங்கே என்பது. டெங்கு, ஜிகா, வெஸ்ட் நைல் மூன்றும், செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலையில். சிக்குன்குனியாவும் செம்லிகி காட்டு வைரஸும் செல்லின் வெளிச்சவ்வில் தொடங்குகின்றன. ருபெல்லா, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமை மாற்றியமைத்து அதில். பூச்சிகளைத் தாக்கும் ஃபிளாக் ஹவுஸ் வைரஸ், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள குழிகளை உண்டாக்குகிறது. தக்காளிச் செடியின் புதர்க்குட்டை வைரஸ், கொழுப்பு அமிலங்களை உடைக்கும் சிறு பையான பெராக்சிசோமில். ஹெர்பிஸ் வைரஸ்கள் உட்கருவில் நகலெடுத்துக்கொண்டு, உட்கருவின் உள்சவ்வைப் போர்த்தி, வெளிச்சவ்வில் அதைக் கழற்றிப்போட்டு, கோல்கை அருகே புதிதாக இன்னோர் உறையைப் போட்டுக்கொண்டு கிளம்புகின்றன.

டெங்குவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், அது நான் அதிகம் பார்த்திருக்கும் உருவம். ஊதிய பலூனை விரலால் அழுத்தினால் எப்படிக் குழி விழுமோ, அப்படி எண்டோபிளாச வலையின் சவ்வு உள்நோக்கிக் குழிகிறது. குழியின் குறுக்களவு சுமார் 90 நானோமீட்டர். வாய் மட்டும் குறுகி, சுமார் 10 நானோமீட்டர் துளையாக நிற்கும். அந்தத் துளை வழியாகத்தான் மூலப்பொருள் உள்ளே போகிறது, புதிய ஆர்என்ஏ வெளியே வருகிறது. முப்பரிமாணப் படத்தில் சில இடங்களில் துளைக்கு நேர் எதிரே, அடுத்த மடிப்பில், புதிய வைரஸ் துகள் மொட்டு விட்டுக்கொண்டிருப்பதையே பார்க்கலாம். நகலெடுக்கும் இடமும் பொட்டலம் கட்டும் இடமும் எதிரெதிர் வாசல்.

கொரோனா வைரஸ் ஒரு படி மேலே போய், இரட்டைச் சவ்வுப் பைகளைச் செய்கிறது. அளவு 200 முதல் 300 நானோமீட்டர். இரண்டு சவ்வும் மூடியே தெரிந்ததால், உள்ளே உருவாகும் ஆர்என்ஏ எப்படி வெளியேறுகிறது என்பது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. 2020இல் எலியைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸில், இரண்டு சவ்வையும் துளைத்து நிற்கும் கிரீட வடிவத் துளையைக் கண்டுபிடித்தார்கள். என்எஸ்பி3 என்ற வைரஸ் புரதத்தின் ஆறு பிரதிகள் அதில் வட்டமாக நிற்கின்றன.

அகவல்:

நன்றாகச் சொன்னீர்கள் நுண்ணோக்கி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வைரஸுக்குத் தேவை ஒரு மறைவிடம். அதற்கு ஏற்கெனவே செல்லில் இருக்கும் சவ்வே போதும். //லிப்பிடு உற்பத்தியை நிறுத்தினால் போலியோ ஆர்என்ஏ நகலெடுப்பும் நின்றுபோகிறது// என்பதை அது விளக்கவில்லை. குறிப்பிட்ட லிப்பிடு வேண்டும் என்பதற்கு நேரடி ஆதாரம் உண்டா? அல்லது செல்லே நலிந்துபோய்விட்டதால் வைரஸும் படுத்துவிட்டதா?

வெள்ளணு:

அகவல் கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. எனக்குத் தெரிந்த மிக அழகான ஆதாரங்கள் ஈஸ்ட் செல்களில் கிடைத்தவை.

பிரோம் மொசைக் என்ற தாவர வைரஸை ஈஸ்டுக்குள் நகலெடுக்க வைக்க முடியும். ஈஸ்டின் மரபணுக்களைப் பழுதாக்கிப் பார்த்தபோது, ஓஎல்ஈ1 என்ற மரபணு பழுதான ஈஸ்டில் வைரஸ் நகலெடுப்பு பெருமளவு முடங்கியது. கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நொதியைத் தருவது அந்த மரபணு. முக்கியமான விஷயம், ஈஸ்ட் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது. வைரஸுக்கு மட்டும்தான் அடி. நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்ததும் நகலெடுப்பு திரும்பிவிட்டது. அதாவது செல்லுக்குப் போதுமான அளவு வைரஸுக்குப் போதவில்லை.

இன்னொன்று இதைவிட எனக்குப் பிடித்தது. நுண்ணோக்கி மேலே சொன்ன தக்காளிப் புதர்க்குட்டை வைரஸ் பெராக்சிசோமில் வேலை செய்யும். பெராக்சிசோமே உருவாகாத ஈஸ்ட் வகையில் அதைப் போட்டால் என்ன ஆகும்? எண்டோபிளாச வலைக்குப் போய் அங்கே ஏறக்குறைய அதே வேகத்தில் நகலெடுத்தது. ஆனால் எங்கே போனாலும் அந்தச் சவ்வில் பாஸ்ஃபாட்டிடைல்எத்தனாலமைன் என்ற லிப்பிடைக் கூட்டிக்கொள்கிறது. ஃபிளாக் ஹவுஸ் வைரஸின் பாலிமரேஸையும் இப்படி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எண்டோபிளாச வலைக்குத் திருப்பிவிட்டார்கள். அது முன்பைவிட அதிகமாகவே ஆர்என்ஏ செய்தது.

என் முடிவு இது: நுண்ணுறுப்பு ஒரு முகவரி மட்டும்தான். தேவைப்பட்டால் வைரஸ் முகவரியை மாற்றிக்கொள்ளும். லிப்பிடு கலவையில் மட்டும் அது விட்டுக்கொடுப்பதில்லை.

போலியோவுக்கு வருவோம். செல்லில் பிஐ4பி என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு லிப்பிடு உண்டு. சாதாரணமாகக் கோல்கை உறுப்பில்தான் அதிகம் இருக்கும். போலியோ போன்ற என்டெரோவைரஸ்களின் 3ஏ புரதம், பிஐ4பியைத் தயாரிக்கும் கைனேஸ் நொதியைத் தன் சவ்வுக்கு வரவழைக்கிறது. அங்கே பிஐ4பி குவிகிறது. வைரஸின் பாலிமரேஸ், அதன் பெயர் 3டி, இந்த லிப்பிடை இனம் கண்டு ஒட்டிக்கொள்கிறது. 2010இல் வெளிவந்த இந்த வேலைதான் பலரையும் லிப்பிடு பக்கம் திருப்பியது.

கதை அங்கே முடியவில்லை. ஓஎஸ்பிபி என்ற செல் புரதம் ஒன்று இருக்கிறது. எண்டோபிளாச வலையும் கோல்கையும் உரசி நிற்கும் இடத்தில் அது ஒரு பண்டமாற்று நடத்துகிறது. கொலஸ்ட்ராலைக் கோல்கைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பிஐ4பியை எடுத்துக்கொண்டு திரும்பும். வைரஸ் தன் சவ்வில் பிஐ4பியை மலையாகக் குவித்துவிட்டால் ஓஎஸ்பிபி அங்கே வந்து கொலஸ்ட்ராலை இறக்கிக்கொண்டே இருக்கும். வைரஸுக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் இப்படி வந்து சேர்கிறது. ஒரே ஒரு நொதியைத் தன் பக்கம் இழுத்ததில் செல்லின் போக்குவரத்தே திசை மாறிவிடுகிறது.

இளவேனில், //துளிக் கொழுப்பும் இல்லாத// என்றீர்கள். போலியோவின் கூட்டில் உள்ள விபி4 புரதம் ஒவ்வொன்றிலும் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கோக்கப்பட்டிருக்கிறது. ஒரு துகளில் 60 விபி4. அடுத்த செல்லின் சவ்வைத் துளைக்க அது தேவைப்படுகிறது.

இளவேனில்:

60 கொழுப்பு அமிலங்கள்! இதை எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. மிக்க நன்றி வெள்ளணு. முகவரி, கலவை என்று பிரித்துச் சொன்னதும் தெளிவாகிவிட்டது.

இரவுப்பணி:

டெங்கு வார்டில் வேலை பார்ப்பவன் என்பதால் டெங்கு பற்றி எழுதுகிறேன்.

டெங்கு வைரஸ் செல்லின் கொழுப்பை இரண்டு விதமாகச் செலவழிக்கிறது. ஒன்று, கட்டுமானம். அதன் என்எஸ்3 புரதம், கொழுப்பு அமிலம் தயாரிக்கும் சிந்தேஸ் நொதியை நகலெடுக்கும் இடத்துக்கே இழுத்துவருகிறது. சவ்வு விரிய விரிய, மூலப்பொருள் பக்கத்திலேயே தயாராகிறது. இரண்டாவது, எரிபொருள். செல்லில் மிதக்கும் கொழுப்புத் துளிகளை, செல் தன் பகுதிகளையே செரித்துக்கொள்ளும் தன்விழுங்கல் முறையில் லைசோசோமுக்கு அனுப்பி உடைக்க வைக்கிறது. அங்கே விடுபடும் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தருகின்றன. வைரஸ் பெருக்கத்துக்கு அந்த ஏடிபி போகிறது. இதையும் 2010இல்தான் காட்டினார்கள். ஒரு பக்கம் கொழுப்பைக் கட்டுகிறது, இன்னொரு பக்கம் கொழுப்பை எரிக்கிறது, இரண்டும் ஒரே செல்லில். மீதமிருக்கும் துளிகளின் மேல் டெங்குவின் கூட்டுப் புரதமான கேப்சிட் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் படித்ததும் எனக்கும் தோன்றியது இதுதான்: கொழுப்பைக் குறைக்கும் மருந்து கையில்தானே இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாமே? ஸ்டாட்டின் மாத்திரை ஆய்வுக்கூடச் செல்களில் டெங்குவைக் குறைத்தது. வியட்நாமில் டெங்கு வந்த 300 பெரியவர்களிடம் லோவாஸ்டாட்டினை முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. மருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் வைரஸ் அளவும் குறையவில்லை, நோயின் போக்கும் மாறவில்லை.

ஏன் என்று யோசிக்க வேண்டும். டெங்குவில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பது காய்ச்சலின் முதல் நாட்களில். நோயாளி ஆபத்தான நிலைக்கு வருவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில். அப்போது ரத்தநாளங்களிலிருந்து பிளாஸ்மா கசியும், ஆனால் வைரஸ் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். எங்களிடம் பலர் வந்து சேர்வதே அந்தக் கட்டத்தில்தான். வைரஸின் சவ்வுக் கட்டுமானத்தைத் தடுக்கும் மருந்து எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், கட்டி முடித்த பிறகு கொடுத்தால் என்ன பயன்? இன்றும் நாங்கள் நம்பியிருப்பது திரவத்தை அளந்து கொடுப்பதையும் நோயாளியை விடாமல் கவனிப்பதையும்தான். டெங்குவுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து கிடையாது.

செம்பருத்தி:

நான் அறிவியல் படித்தவள் இல்லை, ஆனால் ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். வைரஸுக்குக் கொழுப்பு இவ்வளவு தேவை என்றால், காய்ச்சல் வந்ததும் கொழுப்புச் சாப்பாட்டை நிறுத்தினால் வைரஸ் பட்டினி கிடக்குமா? ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக உள்ளவர்களுக்குத் தொற்று குறைவாக வருமா?

வெள்ளணு:

நல்ல கேள்வி செம்பருத்தி, பலருக்கும் இது தோன்றும். அப்படி நடக்காது. வைரஸ் பயன்படுத்துவது செல்லுக்குள் இருக்கும் லிப்பிடை. செல் அதைச் சாப்பாட்டிலிருந்து மட்டும் எடுப்பதில்லை, சர்க்கரையிலிருந்து தானே தயாரித்துக்கொள்ளும். எண்டோபிளாச வலையில் எஸ்ஆர்ஈபிபி என்ற புரதம் காவல் இருக்கிறது. அங்கே கொலஸ்ட்ரால் குறைந்தால் உடனே உட்கருவுக்குத் தகவல் போய் உற்பத்தி மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். வெளியே குறைத்தால் உள்ளே கூட்டிக்கொள்ளும். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்குச் சக்தி வேண்டும். சாப்பாட்டைக் குறைப்பதால் வைரஸ் பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார்.

இரவுப்பணி:

வெள்ளணு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே படித்ததை வைத்து யாரும் தாமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஏற்கெனவே டாக்டர் சொல்லிச் சாப்பிடுபவர்கள் அவர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.

நுண்ணோக்கி:

கொழுப்பும் வைரஸும் பின்னிக் கிடப்பதற்கு ஹெபடைட்டிஸ் சியைப் போல வேறொன்றைக் காட்ட முடியாது.

கல்லீரல் செல்தான் உடம்பின் கொழுப்பை மூட்டை கட்டி ரத்தத்துக்கு அனுப்பும் இடம். அந்த வைரஸ் அந்த மூட்டை கட்டும் வரிசையிலேயே போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதன் என்எஸ்5ஏ புரதம் பிஐ4பி தயாரிக்கும் கைனேஸின் இன்னொரு வகையை, ஆல்ஃபா வகையை, வரவழைத்து எண்டோபிளாச வலையை ஒரு சவ்வுச் சிக்கலாக மாற்றுகிறது. அதன் கூட்டைக் கட்டும் கோர் புரதம் கொழுப்புத் துளியின் மேல் போய் அமர்கிறது. டிஜிஏடி1 என்ற கொழுப்புத் தொகுப்பு நொதி இல்லாவிட்டால் கோர் துளிக்குப் போய்ச் சேர முடியாது, புதிய வைரஸ் துகளும் உருவாகாது. அப்படி உருவாகும் துகளோ, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம்-ஈ ஒட்டிய ஒரு கொழுப்பு உருண்டையாகவே வெளியே போகிறது. அடுத்த செல்லில் நுழையவும் கொலஸ்ட்ரால் தொடர்பான எஸ்ஆர்-பி1 ஏற்பி அதற்கு உதவுகிறது. மூன்றாம் மரபு வகைத் தொற்று உள்ள நோயாளிகளுக்கு வைரஸாலேயே கல்லீரலில் கொழுப்புப் படிவதும், சிகிச்சையில் வைரஸ் ஒழிந்தபின் அது குறைவதும் மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம்.

அந்த வைரஸை இன்று மாத்திரையால் முழுதாகக் குணப்படுத்த முடிகிறது. இதற்கு அடித்தளம் போட்ட கண்டுபிடிப்புகளுக்காக ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குணப்படுத்திய மருந்துகளில் ஒன்றுகூடச் செல்லின் கொழுப்பைத் தொடவில்லை. சோஃபோஸ்புவிர் வைரஸின் பாலிமரேஸைத் தடுக்கிறது. டக்ளடாஸ்விர் என்எஸ்5ஏவைத் தடுக்கிறது, அதனால் அந்தச் சவ்வுச் சிக்கல் புதிதாக உருவாவதே நின்றுவிடுகிறது.

அகவல்:

இங்கேதான் நான் வெள்ளணுவோடு முட்டிக்கொள்ளப் போகிறேன். லிப்பிடு வழியைத் தாக்கினால் பல வைரஸ்களை ஒரே மருந்தால் அடிக்கலாம், செல்லின் புரதம் மாறாது என்பதால் வைரஸால் மருந்துக்கு எதிர்ப்பு வளர்க்க முடியாது என்று எத்தனையோ கட்டுரைகள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. கையில் என்ன மருந்து இருக்கிறது?

பிஐ4பி கைனேஸைத் தடுக்கும் கூட்டுப்பொருட்கள் என்டெரோவைரஸைச் செல்லில் அருமையாக நிறுத்துகின்றன. ஆனால் அந்த நொதி நம் செல்களுக்கும் வேண்டும். என்டெரோவைரஸ் பயன்படுத்தும் பீட்டா வகையைத் தடுத்தால் டி செல்கள் பெருகுவது பாதிக்கப்படுகிறது, அதாவது வைரஸோடு சண்டை போட வேண்டிய படையே முடங்குகிறது. ஆல்ஃபா வகையை எலிகளில் நீக்கினால் அவை உயிர் பிழைப்பதே இல்லை.

கொரோனா காலத்தில் நடந்ததையும் மறக்க வேண்டாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், குரங்குச் சிறுநீரக வீரோ செல்களில் வைரஸைத் தடுத்தது. அந்தச் செல்களில் வைரஸ், செல் வெளியிலிருந்து விழுங்கியதை வைக்கும் பையான எண்டோசோம் வழியாக நுழைகிறது, எண்டோசோமின் அமிலத்தன்மை அதற்கு வேண்டும், மருந்து அந்த அமிலத்தன்மையைக் குறைத்தது. நம் நுரையீரல் செல்களில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருப்பதால் வைரஸ் வெளிச்சவ்விலேயே நுழைந்துவிடும், எண்டோசோம் தேவையில்லை. அந்த நொதியுள்ள நுரையீரல் செல்களில் சோதித்தபோது மருந்து வேலை செய்யவில்லை. பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் 28 நாளில் இறந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம், எடுக்காதவர்களில் 25 சதவீதம். நுண்ணுறுப்பு மாறினால் மருந்தே அர்த்தமற்றுப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

2021இல் இன்னொரு விஷயம் வெளிவந்தது. கொரோனாவை ஆய்வுக்கூடச் செல்களில் தடுப்பதாக அறிவிக்கப்பட்ட பழைய மருந்துகளில் பல, செய்தது ஒரே வேலைதான். அவை லைசோசோமில் தேங்கி, பாஸ்ஃபோலிப்பிடைக் குவித்துச் செல்லின் லிப்பிடு ஒழுங்கையே குலைத்தன. அதனால் வைரஸ் குறைந்தது. எலிகளில் சோதித்தால் பலனில்லை. மருந்து வைரஸைத் தாக்கியதாக எல்லோரும் எண்ணியபோது, அது செல்லைக் கலக்கிக்கொண்டிருந்தது.

வெள்ளணு:

//செல்லின் புரதம் மாறாது என்பதால் வைரஸால் எதிர்ப்பு வளர்க்க முடியாது// என்ற நம்பிக்கை செல்லாது என்பதில் உங்களோடு நிற்கிறேன் அகவல். காக்சாக்கி பி3 என்ற என்டெரோவைரஸின் 3ஏ புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும், கைனேஸைத் தடுத்தாலும் அது பெருகுகிறது. பிஐ4பி குறைவாக இருந்தாலும் சமாளித்துக்கொள்கிறது. ஓஎஸ்பிபியைத் தடுக்கும் மருந்திலிருந்தும் தப்பித்துக்கொள்கிறது.

ஆனால் மருந்தை மட்டும் வைத்து இந்தத் துறையை எடைபோட வேண்டாம். உடம்பே லிப்பிடை ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. இன்டர்ஃபெரான் வந்ததும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கொலஸ்ட்ராலில் சின்ன மாற்றம் செய்து 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலைத் தயாரிக்கின்றன. உறையுள்ள பல வைரஸ்கள் செல் சவ்வோடு இணைவதை அது தடுக்கிறது. 2013இல் இதைக் காட்டினார்கள். வைபெரின் என்ற இன்னொரு பாதுகாப்புப் புரதம் எங்கே இருக்கிறது தெரியுமா? எண்டோபிளாச வலையிலும் கொழுப்புத் துளிகளின் மேலும்தான். வைரஸ் வேலை செய்யும் இடத்திலேயே காவல். அது செய்யும் ஒரு போலி எழுத்தைச் சில வைரஸ்களின் பாலிமரேஸ் ஆர்என்ஏவில் கோத்துவிட்டால் நகலெடுப்பு அங்கேயே அறுந்துவிடும்.

இளவேனில்:

எபோலா பற்றி யாரும் சொல்லவில்லையே? கொலஸ்ட்ரால் கடத்தும் புரதம்தான் அதன் ஏற்பி என்று எங்கோ படித்தேன். அப்புறம், டிஎன்ஏ வைரஸ்களுக்கும் இந்த லிப்பிடுத் தேவை உண்டா?

நுண்ணோக்கி:

எபோலா லைசோசோம் பக்கத்து விஷயம். செல் அதை விழுங்கி எண்டோசோமில் வைக்கிறது. அங்குள்ள கெத்தெப்சின் நொதிகள் வைரஸின் மேல்புரதத்தைச் செதுக்குகின்றன. செதுக்கிய பிறகுதான் அது என்பிசி1 என்ற புரதத்தைப் பிடிக்க முடியும். 2011இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. லைசோசோமிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றுவது என்பிசி1இன் அன்றாட வேலை. அந்தப் புரதம் பழுதான நீமன்-பிக் சி நோயாளிகளின் செல்களை எபோலாவால் தொற்ற முடியவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் படும் பாட்டை நினைத்தால் மனம் கனக்கும். கொலஸ்ட்ரால் தேங்கி நரம்பு மண்டலம் படிப்படியாகச் சிதைகிறது, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. இன்னொன்றும் கவனியுங்கள்: எபோலாவுக்கு என்பிசி1 கைப்பிடியாக மட்டும்தான் வேண்டும், அது கொலஸ்ட்ராலைக் கடத்துகிறதா இல்லையா என்பது வைரஸுக்குப் பொருட்டில்லை. லிப்பிடுப் புரதத்தை வைரஸ் பயன்படுத்துகிறது என்றாலே லிப்பிடைப் பயன்படுத்துகிறது என்று ஆகிவிடாது.

டிஎன்ஏ வைரஸ்களில் மனித சைட்டோமெகாலோ வைரஸ் இருக்கிறது. 2008இல் அது தொற்றிய செல்களில் குளுக்கோஸின் பாதையைக் கார்பன் அணு கார்பன் அணுவாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். சர்க்கரையின் கார்பன் கொழுப்பு அமிலத்துக்குத் திருப்பிவிடப்படுவது தெரிந்தது. கொழுப்பு அமில உற்பத்தியைத் தடுத்ததும் வைரஸ் பெருக்கம் விழுந்தது.

கடலில் இதற்கும் மேலே ஒன்று உண்டு. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசி, விண்கலத்திலிருந்து பார்த்தால் வெண்மையாகத் தெரியும் அளவுக்குக் கடலில் பரந்து பூக்கும். அதைத் தாக்கும் வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 4,07,000 எழுத்து நீளம். 2005இல் அதை முழுதாகப் படித்தபோது, ஸ்பிங்கோலிப்பிடு தயாரிக்கும் மரபணுக்களே உள்ளே வரிசையாக இருந்தன. மற்ற வைரஸ்கள் செல்லின் நொதியை வசப்படுத்துகின்றன, இது சொந்தமாகவே கொண்டுவருகிறது. அப்படித் தயாராகும் லிப்பிடு பாசியைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே வியப்பு அடங்காத உதாரணம் இதுதான்.

அகவல்:

பாசி உதாரணம் அபாரம். சரி, மருந்துக்கே திரும்பி வருகிறேன். செல்லின் லிப்பிடைத் தொட்டால் செல்லுக்கு அடி. ஒரே ஒரு மாற்றத்தில் வைரஸும் தப்பிவிடுகிறது. அப்படியானால் எதைத்தான் குறிவைப்பது?

வெள்ளணு:

சவ்வை வளைக்கும் வைரஸ் புரதத்தை. கைனேஸை அழைக்கும் 3ஏ, டெங்குவில் சவ்வை மடிக்கும் என்எஸ்4ஏவும் என்எஸ்4பியும், கொரோனாவில் என்எஸ்பி3இன் துளை. இவற்றைப் போன்றவை செல்லுக்குச் சொந்தமில்லை, தடுத்தால் செல்லுக்கு நஷ்டமில்லை. லிப்பிடுத் தேவையை ஆழமாகப் படித்ததால்தான் இந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன என்பதே தெரியவந்தது.

கொசு வழியாகவும் ஒரு பாதை திறந்திருக்கிறது. வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவில் டெங்கு சரியாகப் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு நோய் 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளிவந்தது. வொல்பாக்கியாவும் கொலஸ்ட்ராலுக்கு ஓம்புயிரையே நம்பியிருக்கிறது. வொல்பாக்கியா உள்ள பழ ஈக்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடிய உணவைக் கொடுத்தபோது அதன் வைரஸ் தடுப்பு பலவீனமானது. லிப்பிடுப் போட்டி முழு விளக்கம் இல்லை, ஆனால் விளக்கத்தின் ஒரு பகுதி.

இரவுப்பணி:

வெள்ளணு சொல்லும் வழி நடக்கக்கூடியது என்பதற்கு என்னிடம் உள்ள ஆதாரம் டக்ளடாஸ்விர்தான். சவ்வைத் திருத்தும் வைரஸ் புரதத்தையே தாக்கும் அந்த மாத்திரையைக் கல்லீரல் நோயாளிகள் பெரிய தொந்தரவில்லாமல் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். அகவல் எழுப்பிய எதிர்ப்புப் பிரச்சினை அதற்கும் உண்டு. என்எஸ்5ஏவில் ஓரிரு மாற்றங்கள் வந்தாலே வைரஸ் தப்பிவிடும். அதனால்தான் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை. சோஃபோஸ்புவிருடன் சேர்த்துக் கொடுக்கிறோம், கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் 12 வாரம்.